பாரூர் மணலும் கடலூர்க் கரையும்



"கடலே இல்லாத ஊர்ல குந்திகினு கடல் அரிப்பப் பத்தித் தலையங்கமாண்ணா? நம்ம பிரச்சின எல்லாம் தீந்துபோச்சா?"

ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தூங்காத கண்ணோடு மெய்ப்புப் பார்க்க வந்த தம்பி கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். பாரூருக்கும் கடலுக்கும் நடுவில் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் கிடக்கிறது. எங்க காலனியில் கடலை நேரில் பார்த்தவர்களைக் கணக்கெடுத்தால் பாதிப்பேர்கூடத் தேற மாட்டார்கள். பார்த்தவர்களும் ஏதாவது ஒரு கட்சி மாநாட்டுக்கு லாரியில் ஏறிப்போய், மெரினாவில் கால் நனைத்துவிட்டு, பேன்ட்டை மடித்தபடியே திரும்பி வந்தவர்கள். எனக்கும் அப்படித்தான் கடல் அறிமுகம்.

ஆனால் ஆறு தெரியும். தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப்பக்கம் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் கம்பெனிக் கழிவையும் வாங்கிச் சுமந்து, ஓசூர் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகக் கக்கிவிட்டு, கிருஷ்ணகிரி அணையில் தேங்கி நிற்கிறது. அங்கிருந்து இறங்கி நெடுங்கல் அணைக்கட்டில் ஒரு பங்கை எங்க பாரூர் பெரிய ஏரிக்குக் கொடுக்கிறது. அந்த ஏரித்தண்ணியில் சுமார் 2400 ஏக்கர் விளைகிறது. அந்த ஏக்கர்கள் யார் பேரில் இருக்கின்றன, அதில் குனிந்து நாற்று நடுகிற முதுகுகள் யாருடையவை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிச்ச ஆறு சாத்தனூர் அணையில் இன்னொரு தரம் தேங்கி, திருக்கோவிலூர் தாண்டி, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அப்போது இந்த ஆறு எங்களையும் கடற்கரையையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டியது. எங்க மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. ஏரி உடைந்து, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் நின்ற வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டன. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோரத்துச் சேரிகள் இருட்டில் முழுகின. அரிசி, போர்வை, பழைய துணி என்று திரட்டிக்கொண்டு அடுத்த மாதம் நாங்கள் சிலர் கடலூர்ப் பக்கம் போனோம். பெண்ணை கடலில் விழுகிற இடத்துக்குக் கிட்ட ஒரு கிராமம். பெயர் வேண்டாம். அங்கே கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெரியவர், நாங்கள் கிருஷ்ணகிரி என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிய மட்டும் தவறாம அனுப்பிடுறீங்க. மணல அனுப்ப மாட்டேங்கிறீங்களே தம்பி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அவர் கையை நீட்டிக் கடலுக்குள் காட்டினார். அவருடைய அப்பா காலத்தில் வலை உலர்த்திய மேடு எங்கே இருந்தது, காளியம்மன் கோயிலுக்கு முன்னால் கூத்து நடத்திய இடம் எங்கே இருந்தது என்று காட்டினார். அவர் விரல் நின்ற இடமெல்லாம் அலை.

'கடல் அரிப்பு' என்கிற சொல்லையே முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. கடல் அரிக்கிறது, எழுவாய் கடல். குற்றவாளி யாரென்று இலக்கணமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. கலெக்டர் வந்து பார்த்துவிட்டு "இயற்கைச் சீற்றம்" என்பார். பாதிரியார் பாவத்தின் சம்பளம் என்பார். பூசாரி அம்மன் கோபம் என்பார். மூன்று பேருடைய வாக்கியத்திலும் காண்ட்ராக்டர் வரமாட்டார்.

விஷயம் இவ்வளவுதான். கடற்கரை என்பது ஓரிடத்தில் கிடக்கிற மணல் கிடையாது, அது நடந்துகொண்டே இருக்கிற மணல். நம்ம கிழக்குக் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் அலை சாய்வாக வந்து மோதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வருகிறது. வருஷக் கணக்கு முடித்துப் பார்த்தால் வடக்கே போனதுதான் அதிகம். அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர். நூறு நாள் வேலையில் ஏரி தூர் வாரும்போது நம்ம சனம் வரிசையாக நின்று மண்சட்டியைக் கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கடற்கரை ஊர்கள் அப்படித்தான் வரிசையாக நிற்கின்றன. தெற்கு ஊர் கொடுக்கும் சட்டியை வாங்கி வடக்கு ஊருக்குக் கொடுக்கும். வரிசையில் நடுவில் ஒருத்தன் சட்டியை வாங்கி வாங்கித் தன் பக்கத்திலேயே கொட்டிக்கொண்டால் என்ன ஆகும்? அவனுக்குப் பின்னால் இருப்பவன் காலடியில் மண் குவியும். அவனுக்கு அடுத்து நிற்பவனுக்குச் சட்டி வராது. ஆனால் அலை சும்மா விடாது. அவனிடமிருந்து எடுக்க வேண்டிய பங்கை எடுத்தே தீரும். அவன் நிற்கிற தரையிலிருந்து எடுக்கும்.

இந்த வரிசைக்குப் புதுச்சட்டி போடுகிற வேலை ஆறுகளுடையது. மலையிலிருந்து உடைந்து வருகிற மணலைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவைதான். 1950களின் கடைசியில் கிருஷ்ணகிரி அணையும் சாத்தனூர் அணையும் வந்தன. பின்னால் கெலவரப்பள்ளி. அணை தண்ணியை நிறுத்துகிறது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொடுக்கும். மணலையும் நிறுத்துகிறது என்று சொல்லிக்கொடுக்காது. நின்ற தண்ணியில் மணல் கீழே படிந்துவிடும். தெளிந்த தண்ணி மட்டும் மதகு வழியே இறங்கும். மணல் இல்லாமல் இறங்குகிற தண்ணிக்குப் பசி ஜாஸ்தி. கீழே உள்ள ஆற்றுப்படுகையையும் கரையையும் அது பிராண்டும். ஃபெஞ்சலில் சாத்தனூருக்குக் கீழே வந்த தண்ணி அந்த மாதிரித் தண்ணிதான்.

அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்க ஏரியே அந்த ஆற்றை நம்பி இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதும்போது இரண்டு பக்கமும் எழுதணும் இல்லையா?

அணைக்குத் தப்பிய மணலுக்கு லாரி வந்தது. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வராத காரணம். பத்தாம் வகுப்பு பெயிலாகி இரண்டு வருஷம் நான் மணல் லாரியில் லோடு ஏத்தினவன். ராத்திரி பதினொரு மணிக்கு ஆற்றில் இறங்கினால் மூணு மணிக்குள் அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரு லாரி நிரப்பணும். இடுப்பளவுப் பள்ளத்திலிருந்து பாண்டுச் சட்டியில் ஈர மணலைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்து, விடியும்போது கழுத்து திரும்பாது. ஏற்றியவன் எல்லாம் காலனிப் பையன். லாரிக்காரர் ஊர்க்காரர். மணல் எல்லை தாண்டி எந்த அடுக்குமாடிக்குப் போனது என்று எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கணும் என்று தோன்றியதும் இல்லை. போலீஸ் பிடித்தால் மாட்டினவன் நாங்கள். லாரி மறுநாளே ரோட்டில் ஓடும். 2003 அக்டோபரில் ஆற்று மணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. அப்புறம் சட்டி போய் பொக்லைன் வந்தது. எங்க வேலை போனதே தவிர மணல் போவது நிற்கவில்லை.

ஆகவே அந்தப் பெரியவர் என்னைத்தான் கேட்டார். அவருடைய மேட்டில் ஒரு சட்டி என் தலையில் போனது.

ஆனால் என் சட்டியையும் ஒரு துறைமுகத்தையும் ஒரே தராசில் வைக்க வருகிறவர்களை நம்பாதீர்கள். கடலூரிலிருந்து அப்படியே வடக்கே போங்கள். மூர்த்திக்குப்பம், நரம்பை, பனித்திட்டு, நல்லவாடு, வீராம்பட்டினம்; அதற்கு அடுத்து அரியாங்குப்பம் ஆற்றின் வாயில் புதுச்சேரித் துறைமுகம். 1980களின் கடைசியில் அங்கே கடலுக்குள் இரண்டு கல்கரைகளை நீட்டினார்கள். கப்பலே பெரிதாக வராத துறைமுகம் அது. ஒரு பக்கம் சேரும் மணலைக் குழாய் வைத்து மறுபக்கம் கடத்திவிடுவோம் என்று திட்டத்தில் எழுதியிருந்தார்கள். ஒழுங்காகச் செய்யவில்லை. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் குவிந்தது. வடக்கே புதுச்சேரி நகரத்தின் கடற்கரை கண்ணெதிரே கரைந்துபோனது. வெள்ளைக்காரன் கட்டிய வீதிகளைக் காப்பாற்ற நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். நகரம் பிழைத்தது. மணல் இல்லாத வரிசை வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று தின்றுகொண்டே போய், எல்லைக் கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று கரையோர வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. துறைமுகம் கட்டிய அரசு ஒன்று, வீடு இழந்த சனத்தின் அரசு இன்னொன்று. நீயா நானா என்று இரண்டும் கைவிரிக்க எல்லைக் கோடு வசதியாக இருந்தது. ஓசூர் எல்லையில் வாழ்கிற நமக்கு இது புதுசா? பெங்களூர் கக்கிய நுரை கெலவரப்பள்ளியில் மிதந்தால் அது எந்த மாநிலத்து நுரை என்று நாமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

2018ல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தது. அங்கே மணல் திரும்பி வந்து சேர்ந்தது. சுற்றுலாக்காரர்கள் மறுபடி கால் நனைக்கிறார்கள். செய்யத் தெரியாமல் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வடக்கே குப்பங்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் கருங்கல்லும் தூண்டில் வளைவும்தான். தூண்டில் வளைவு ஒரு ஊரைக் காப்பாற்றும். அடுத்த ஊருக்குச் சட்டி போகாமல் தடுக்கும். அடுத்த ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்து தங்களுக்கும் ஒன்று கேட்பார்கள். காண்ட்ராக்டருக்கு இதில் என்ன நஷ்டம்? சனங்கதான் ஊருக்கு ஊர் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

நாம் மாநாடு போட்டு முழங்கிய மெரினா மணலுக்கும் இதே கதை உண்டு. 1870களில் சென்னைத் துறைமுகக் கல்கரை வேலை தொடங்கிய பிறகு தெற்கே மணல் குவிந்து குவிந்து அகன்றதுதான் அந்தக் கடற்கரை. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்துக் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரை இழந்தன. தென்சென்னைக்குக் காற்று வாங்க இடம் கிடைத்த கதையைச் சிலைகளோடு சேர்த்துப் படிக்கிறோம். வடசென்னைக்கு கல் கிடைத்த கதையை யாரும் படிப்பதில்லை.

இப்போது இதற்கெல்லாம் ஒரே பதிலாகப் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை. உலக சராசரியில் வருஷத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல். வரும் வருஷங்களில் அது ஏறும், புயலும் பலக்கும், இந்த அரிப்பை இன்னும் மோசமாக்கும். அதை மறுக்கிறவன் முட்டாள். ஆனால் ஒரு கல்கரைக்கு வடக்கே சில வருஷத்தில் தெருவே காணாமல் போவதற்கு மில்லிமீட்டர் மேல் பழி போட்டுவிட்டு, கல்கரை போட்டவன் தப்பிப்பதை ஏற்க முடியாது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தது. இந்தியக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிபடுகிறது. தமிழ்நாட்டில் அது 42 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதே கணக்கில் இன்னொரு பெரிய பகுதியில் மணல் சேர்ந்துகொண்டும் இருக்கிறது. மட்டம் உயர்வது மட்டும்தான் காரணம் என்றால் எங்கும் கரை குறைய வேண்டுமே. ஓரிடத்தில் எடுத்து ஓரிடத்தில் சேர்ப்பது யார் கை?

இதுவரை சொன்னதைப் பொறியியல் படிக்கிற எந்த மாணவரும் சொல்லிவிடுவார். இந்தப் பத்திரிகை இதற்கு ஒரு தலையங்கம் ஒதுக்கக் காரணம் வேறு.

அதே கிராமத்தில் குப்பத்துக்கு மேற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, நம்ம சனத்தின் காலனி. எல்லாக் கடற்கரை ஊரிலும் அமைப்பு இதுதான். மீன்பிடிக்கிற சமூகம் கரையில். நம்ம சனம் பின்னால், பள்ளத்தில், உப்பங்கழி ஓரத்தில். படகு நம்மிடம் இல்லை. ஆனால் கடல் நம்ம சோற்றில் இருக்கிறது. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுவது, நண்டு பிடிப்பது, கரையில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்பது, ஐஸ் உடைப்பது, கருவாடு காயப்போடுவது, மரக்காணம் பக்கம் உப்பளத்தில் வாருவது, சவுக்கு வெட்டுவது. கரை உள்ளே வரும்போது முதலில் கழியின் வாய் மாறுகிறது. அப்புறம் கிணறு உப்பாகிறது. அப்புறம் நடவு நின்று கூலி நிற்கிறது. வீடு விழுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பிழைப்பு விழுந்துவிடுகிறது. போட்டோகிராபர் வருவது வீடு விழும்போதுதான்.

அங்கே ஒரு ஆயா தன் வீட்டுத் திண்ணையில் எங்களுக்கு மோர் கொடுத்தார். தண்ணி எடுக்க எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேட்டேன். கையை மேற்கே காட்டினார். பழைய கிணறு எங்கே என்றேன்.

"அது உப்பாயிப் பதினஞ்சு வருசம் ஆச்சுப்பா. கரையோரம் நாங்க கருவாடு போட்ட எடமும் போச்சு. எழுதிக் குடுங்கன்னு ஆபீசுக்குப் போனா, பட்டா இருக்கான்னு கேட்டாங்க. பொறம்போக்குக்கு ஏது பட்டா? பட்டா இல்லன்னா ஒனக்கு எதுவும் போவலன்னு அர்த்தம்னுட்டாங்க."

எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. எந்த ஆபீசுக்குப் போனாலும் அதே பதில்தான் வந்திருக்கும். நம்ம சனத்தின் இருப்பு முழுக்கப் புறம்போக்கில் எழுதப்பட்டிருக்கிறது. புறம்போக்கு அரிபட்டால் அரசுக்குத்தான் நஷ்டம். அரசு தனக்குத் தானே நஷ்டஈடு கொடுத்துக்கொள்ளாது. முடிந்தது கேஸ்.

பட்டா இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரிடர் நிவாரணத்துக்கு ஒன்றிய அரசு வைத்திருக்கும் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், குளிரலை எல்லாம் இருந்தன. 2015ல் வந்த விதியிலும் 2022ல் வந்த விதியிலும் கடல் அரிப்பு அந்தப் பட்டியலில் இடம் பெறவில்லை. ஒரே ராத்திரியில் எடுத்தால் பேரிடர். இருபது வருஷம் எடுத்துக்கொண்டு எடுத்தால் ஒன்றும் இல்லை. 15வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கு ஆற்றரிப்பு, கடலரிப்பு இரண்டுக்கும் சேர்த்து, தடுக்க 1500 கோடியும் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1000 கோடியும் பரிந்துரைத்தது. நாடு முழுவதற்கும், அஞ்சு வருஷத்துக்கும். கல் கொட்டுவதற்கு மனுசனைவிடக் கூட என்பதைக் கவனியுங்கள். கேரளத்தில் 'புனர்கேகம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பங்கள் வேறிடம் போக 10 லட்சம் ரூபாய் என்றார்கள். அதுவும் மீன்வளத் துறையின் கையில் உள்ள திட்டம். மீன்வளத் துறையின் ஏட்டில் கருவாட்டுக் கூலிக்கும் கழியில் நண்டு பிடிப்பவளுக்கும் என்ன இடம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

2011ன் கடலோர ஒழுங்காற்று அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். அதற்குப் பின்னால் வந்ததையும் படியுங்கள். யாருடைய வாழ்வாதாரத்தைக் காக்க இந்தச் சட்டம் என்று தொடக்கத்திலேயே இருக்கிறது: மீனவச் சமூகங்கள் மற்றும் 'பிற' உள்ளூர்ச் சமூகங்கள். அந்தப் 'பிற'வுக்குள் நாம் இருக்கிறோம். வாக்குச் சாவடியில் பேர் உண்டு, ரேஷன் அட்டையில் பேர் உண்டு, சட்டத்தில் மட்டும் 'பிற'.

இதன் விலை என்ன என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பார்த்தோம். நாகை மாவட்டத்திலும் மற்ற இடங்களிலும் நிவாரணப் பட்டியலில் நம்ம சனம் விடுபட்டதை, முகாமில் தண்ணித் தொட்டியைத் தொடவிடாததை, பிணம் அள்ள மட்டும் அருந்ததியத் துப்புரவுத் தொழிலாளர்களை எங்கிருந்தெல்லாமோ கொண்டுவந்து இறக்கியதை உண்மையறியும் குழுக்கள் எழுதி வைத்திருக்கின்றன. கரையில் இருப்பவர்தான் பாதிக்கப்பட்டவர், பின்னால் இருப்பவருக்கு என்ன போச்சு என்பதுதான் அன்றைய வாதம். அதை அதிகாரி மட்டும் சொல்லவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தும் சொன்னது. மீனவத் தோழர்கள் வருத்தப்பட்டாலும் இதைச் சொல்லாமல் நட்புப் பேச முடியாது.

இப்போது நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச் 30ல் தமிழக அரசு 172ஆம் எண் ஆணை போட்டது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர் வெளியே வந்தால் புது வீடு. வரமாட்டேன் என்றால் அங்கேயே இருக்கலாம், ஆனால் அரசு உதவி கிடையாது. அன்றைக்கு அது சுனாமிக்காக. அரிப்பு இதே வேலையை ஆணை இல்லாமலே செய்துகொண்டிருக்கிறது. கரை உள்ளே வரவரக் குப்பம் மேற்கே நகர்ந்தாக வேண்டும். மேற்கே என்ன இருக்கிறது? தனியார் சவுக்குத் தோப்பு இருக்கிறது, ரிசார்ட் வேலி இருக்கிறது, இறால் பண்ணை இருக்கிறது. அவற்றை யாரும் தொடமாட்டார்கள். மிச்சம் இருப்பது நம்ம சுடுகாடு, நம்ம மாடு மேய்கிற புறம்போக்கு, பட்டா கேட்டு இருபது வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிற காலனி மேடு. கடலால் விரட்டப்பட்டவனையும் சாதியால் விரட்டப்பட்டவளையும் ஒரே துண்டுப் புறம்போக்கில் மோதவிட்டால் போலீசுக்கு வேலை, பத்திரிகைக்குத் தலைப்பு, மணலை எடுத்தவனுக்கு நிம்மதி. சாதி மோதல் என்று எழுதுவார்கள். கல்கரையைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

1892ல் கொடுத்த பஞ்சமி நிலத்தைப் பற்றி நமக்குத் தெரியும். 1994 அக்டோபரில் காரணையில் அதைக் கேட்டதற்கு ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மனுசன் தின்ற நிலத்துக்கு நாம் உயிரைக் கொடுத்துப் போராடியிருக்கிறோம். கடல் தின்ற நிலம் என்று ஒரு கணக்கை நம்ம இயக்கம் இதுவரை எடுக்கவில்லை. சுற்றுச்சூழல் என்றாலே அது ஆமை முட்டை பொறுக்கும் மேட்டுக்குடிப் பிள்ளைகளின் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு கடற்கரை சுத்தம் செய்கிறவர்களைப் பார்த்து எனக்கும் எரிச்சல் வரும். மத்த ஆறு நாளும் கையுறை இல்லாமல் சுத்தம் செய்கிறவர் யாரென்று அவர்களுக்குத் தோன்றாது. ஆனால் அந்த எரிச்சலில் நாம் ஒரு களத்தையே விட்டுக்கொடுத்துவிட்டோம். இறால் பண்ணைக்கு எதிராக நாகை மாவட்டத்தில் நிலமற்ற தலித் பெண்கள் மறியல் செய்ததும், ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதும் நம்ம வரலாறுதான். கடற்கரைக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

தண்ணிக்கு வழக்கு இருக்கிறது. மார்க்கண்டேய ஆற்றில் யார்கோலில் கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழகம் உச்சநீதிமன்றம் போனது. 2019 நவம்பரில் மனு தள்ளுபடி ஆனது. பெண்ணையாற்றுக்கு நடுவர் மன்றம் வேண்டும் என்கிற பேச்சு தொடர்ந்தது. எத்தனை டி.எம்.சி. என்று எல்லாக் கட்சியும் கேட்டது. எத்தனை லோடு மணல் என்று ஒரு கட்சியும் கேட்கவில்லை. கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளின் அடியில் சேர்ந்திருப்பது யாருக்குச் சேர வேண்டியது? தூர் வாருகிறோம் என்று ஒரு நாள் ஏலம் விடுவார்கள். அன்றைக்கு அது கடலுக்குச் சேர வேண்டிய மணல் என்று சொல்ல ஆற்றின் இந்தத் தலையிலும் ஆள் இருக்கணும். அதற்குத்தான் பாரூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

2023-24 நிதிநிலை அறிக்கையில் 'நெய்தல் மீட்சி இயக்கம்' என்று பேர் வைத்து 2000 கோடி அறிவித்தார்கள். பேர் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த நெய்தலை, யாருக்கு மீட்பது என்பதைக் கிராமசபையில் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடற்கரை ஊராட்சியிலும் குப்பம், காலனி, இருளர் குடியிருப்பு மூன்றையும் சேர்த்து இழந்ததன் பட்டியல் எடுக்கச் சொல்ல வேண்டும். பட்டா உள்ளதை மட்டும் எடுத்தால் போதாது: கிணறு, சுடுகாடு, கருவாட்டு மேடு, கழியில் இறங்குகிற துறை, எல்லாம் ஏற வேண்டும். குப்பத்தை நகர்த்துவதென்றால் சவுக்குத் தோப்பும் ரிசார்ட்டும் முதலில் இடம் விடட்டும். காலனிப் புறம்போக்குக்குப் பட்டா கொடுத்துவிட்டு அப்புறம் பேசட்டும். இதை மீனவத் தோழர்களும் நாமும் சேர்ந்து கேட்டால்தான் எடுபடும். நிவாரணத்தில் எங்களைத் தொடவிடாதவர்களோடு என்ன பேச்சு என்று நம்ம பையன்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கேட்டுவிட்டே பேசுவோம்.

மெய்ப்புப் பார்த்த தம்பி கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, "அந்த ஆயாவுக்குக் கெணறு எப்பண்ணா வரும்?" என்றான். பதில் என்னிடம் இல்லை. ஆனால் வேலை ஒன்று இருக்கிறது. தை மாதத்தில் அந்தக் கிராமத்துக்கு மறுபடி போகிறோம். காலனியில் அறுபது வயசுக்கு மேல் உள்ளவர்களிடம் கேட்டு, பழைய கிணறு, பழைய கரை, பழைய பாதை எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்கப் போகிறோம். குப்பத்துப் பெரியவர் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சர்வே படித்த மாணவர்கள் இரண்டு மூன்று பேர் தேவை. நாடா, நோட்டு, பென்சில் எங்களிடம் இருக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை நாலரைக்குப் புறப்படுகிறோம். மத்தியானத்துக்குக் கட்டுச்சோறும், குடிக்கத் தண்ணியும் அவரவர் கொண்டு வாருங்கள். அங்கே உள்ள தண்ணி உப்பு.